கடலை முதலில் வைத்தவர்

பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அவரைப் பற்றிக் கேட்டால், "அந்தப் புள்ளயோட ரெண்டு காலையும் முடக்கிப்போட்ட டிரைவருங்களா?" என்றுதான் இன்றைக்கும் கேட்பார்கள். ஒரு ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ள ஊருக்கு ஒரு வரி போதும். அந்த வரியில் பாதிதான் அவருடையது. மறுபாதி என்னுடையது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்லியாக வேண்டுமோ, அவளிடமும் சொன்னதில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சோறு இறங்காது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயருக்கு நான் செய்தது போதும்.

அவர் சுற்றுலா வேன் ஓட்டினார். நான் அந்த வேனில் கூடப் போகிறவள். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துக்கு நடுவே எங்களுக்கு ஒரு வீடும், வருகிறவர்கள் தங்க மூன்று அறைகளும் உண்டு. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏலக்காய் எடுக்க மலையேறியவர்கள். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் வீட்டிலும் சர்ச்சிலும் கற்றுக்கொண்டது. இங்கிலீஷும் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். அதைச் சொல்லித்தான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஏழு நாள் பயணம் அது. பொள்ளாச்சியில் ஏற்றி, பரம்பிக்குளம் காடு, சின்னார், மூணாறு வரையாடு, தேக்கடிப் படகு என்று மலையெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் கடலுக்கு இறக்குவோம். வர்க்கலையில் ஒரு நாள், கோவளத்தில் ஒரு நாள். ஆசைப்பட்டவர்களை முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீன் காட்டுவார்கள். அப்புறம் பாலக்காடு வழியாகத் தரையோடு தரையாக வீடு. காடு முதலில், கடல் கடைசியில். ஏன் அப்படி என்று யாரும் யோசித்து வைத்ததில்லை. ஈரத்துணி மூட்டையோடு நாலு நாள் மலையில் சுற்ற முடியாது, அவ்வளவுதான். அந்த ஈரத்துணி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரே ஒரு குணம்தான் என்று சொன்னால் தப்பில்லை. வண்டியில் ஏறியவர் எதையும் பார்க்காமல் வீடு திரும்பிவிடக் கூடாது. அது அவருக்குத் தாங்காது. "வந்தது வந்துட்டீங்க, இதையும் பாத்துப்போட்டுப் போயிருலாமுங்க" என்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டிருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் சொல்வார், மழையில் சொல்வார், குழந்தை அழும்போது சொல்வார்.

ஒருமுறை சின்னாரில் ரோட்டோரம் நாலு யானை நின்றன. கூட ஒரு குட்டி. வேனே எழுந்து நின்று பார்த்தது. திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் கடைசி சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மறையூர் தாண்டிய பிறகுதான் இவருக்குத் தெரியவந்தது. வண்டியை ஓரம் கட்டினார். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கொலை செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஏன் அம்மணி, அவர எழுப்பப்படாதா?"

"அசந்து தூங்குதாருண்ணே. எப்படி எழுப்பச் சொல்லுதீங்க?"

"தூக்கம் ஊட்டுல இல்லையா? ஆன இருக்குதா ஊட்டுல?"

வண்டியைத் திருப்பிவிட்டார். மற்றவர்கள் கத்தினார்கள், பசிக்கிறது என்றார்கள், ஒருத்தர் புகார் கொடுப்பேன் என்றார். இவர் காதில் எதுவும் ஏறவில்லை. யானை அங்கேயேதான் நின்றது. பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இவர் யானையைப் பார்க்கவில்லை. பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதுதான் இன்னொரு வினோதம். அவர் எதையும் பார்க்க மாட்டார். வர்க்கலையில் சூரியன் கடலில் இறங்கும், கரையில் இருக்கிற அத்தனை பேரும் மேற்கே பார்ப்பார்கள். இவர் ஒருத்தர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஆட்களின் மூஞ்சியை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு பெண் என்னிடம் வந்து, "உங்க டிரைவர் ஏன் என்னையே முறைக்கிறாரு?" என்று கேட்டாள். எனக்கு மானம் போனது. அன்றைக்கு அவரிடம் நேராகவே கேட்டேன்.

"கடலு நாளைக்கும் இருக்கும் அம்மணி. மொத மொதலாப் பாக்கற மூஞ்சி நாளைக்கு இருக்காதல்லோ" என்றார்.

வேனுக்கு முன்னால் இருபது வருடம் வாளையாறு வழியாக லாரி ஓட்டியவர். எல்லாம் ராத்திரி லோடு. "எல்லா ஊரு வழியாவும் போனேன், ரோட்டத் தவிர ஒண்ணும் பாக்கல" என்று ஒருநாள் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார். அதனால்தான் இப்படி ஆனாரா என்று எனக்குத் தெரியாது. லாரி ஓட்டியவர்கள் எல்லாரும் இப்படி ஆகிவிடுவதில்லை.

இதையெல்லாம் நல்ல குணம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அதில் ஒரு முரட்டுத்தனமும் இருந்தது. முழங்கால் வலிக்கிறது என்ற அம்மாளைத் தேக்கடியில் படகுத்துறை வரைக்கும் நடக்க வைத்தார். தண்ணீரைக் கண்டு அலறிய ஒரு சின்னப் பிள்ளையை, "ஒரே ஒரு தடவ கண்ணு" என்று அலை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். அது பயந்து காய்ச்சலில் விழுந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு டீச்சர், "எனக்கு வேண்டாம்னா வேண்டாம்தான் சார். நீங்க யாரு எனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஒரு நாள் முழுக்க இவர் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் அதே டீச்சரிடம் போய், "ஏனுங், மேல ஒரு அருவி இருக்குதுங்" என்று ஆரம்பித்தார். அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், வந்தவர்கள் கடைசி ஆள் வரைக்கும் கை கழுவிய பிறகுதான் அவர் தட்டெடுப்பார். என் வீட்டுக்காரர் கீழே விழுந்து இடுப்பு பிசகிக் கிடந்த மாதம், கோபாலபுரத்திலிருந்து வண்டி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டுப் போவார். அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். அது பொய்யில்லை.

ஒரு வருடம் ஈரோட்டிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். வேறு ஆள் இல்லை, அவர்கள் இரண்டு பேர்தான். மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. சேர்வதற்குள் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று அப்பா கூட்டி வந்திருந்தார். தாயில்லாத பெண். எதைப் பார்த்தாலும் முகமெல்லாம் மலர்கிற பெண். இவருக்கு அது போதாதா? ஏறிய அரைமணி நேரத்தில் அவளைக் கண்ணு, கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவளுக்கு வரையாட்டுக் குட்டி பார்க்க வேண்டும். குட்டி போடுகிற காலத்தில் மூணாறு பார்க்கை மூடி வைப்பார்கள். அந்த வாரக் கடைசியில்தான் திறக்கிறார்கள். வழக்கப்படி போனால் மூணாறு இரண்டாம் நாளே வந்துவிடும், கதவு மூடியிருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, இந்தத் தடவ கடல மொதல்ல வெச்சுப்போடலாம். கடலப் பாத்துட்டு நேரா மேல ஏறுனா, குட்டி பாக்கறதுக்குச் சரியா இருக்கும்."

"ஈரத்துணிய என்ன செய்யண்ணே?"

"வண்டிக்கு மேல காயப்போட்டுக்கலாம்."

நல்ல யோசனை என்றுதான் நான் சொன்னேன். இப்போதும் எனக்கு அது கேட்கிறது, என் வாயாலேயே நான் சொன்னது.

பார்க் திறக்க இன்னும் நாள் இருந்ததால் கோவளத்தில் இரண்டு ராத்திரி தங்கினோம். அந்தப் பெண் கடலுக்குள் போனாள். முதல் நாள் ஒரு தடவை. வெளியே வந்தவள் உதட்டில் உப்போடு சிரித்த சிரிப்பை நானும் பார்த்தேன், இவரைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் இரண்டு தடவை போனாள். அன்று சாயங்காலம், "போதும்ணா, மனசு நெறஞ்சிருச்சு" என்று அவளே சொன்னாள். இவர் விடவில்லை. காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம், ஆமை வருமாம். "வந்தது வந்துட்டீங்க கண்ணு" என்றார். மூன்றாம் நாள் விடிந்ததும் நாலாவது தடவையாகப் போனாள். ஆமையும் வந்தது.

இனி என் பங்கு. கடலுக்குள் போகிறவர்களுக்கு ஒரு தாள் தருவார்கள். இரண்டு பக்கமும் இங்கிலீஷ். அதைப் படித்து, விளங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகவே இங்கிலீஷ் தெரியும். ஆனால் அவள் அதற்குள் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் பக்கம் ஓடிவிட்டாள். "அக்கா, நீங்க படிச்சு சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். அவள் அப்பா என்னைப் பார்த்தார். இவரும் பார்த்தார். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி பொடியாக இருந்தது. முதல் பக்கத்தை ஒரு மாதிரி எழுத்துக்கூட்டி முடித்தேன். காது வலி, சளி, ஆஸ்துமா, இதய நோய் என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று குறித்தேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். பாதி வார்த்தைகள் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். கண்ணை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு, "அவ்வளவுதாம்மா, கையெழுத்துப் போடு" என்றேன்.

கடலில் கூட்டிப்போன பையன் கடைசி நாள் மலையாளத்தில் என்னிடம் சொன்னான், "சேச்சி, நாளெ வரே ஃப்ளைட் பாடில்ல கேட்டோ." நாளை வரைக்கும் விமானத்தில் போகக் கூடாது. அவனுக்கு நாங்கள் எங்கே போகிறோம் என்று தெரியாது. கோவளத்துக்கு வந்தவர்கள் பக்கத்தில் விமானம் ஏறி ஊருக்குப் போவார்கள் என்றுதான் நினைத்திருப்பான்.

வேனில் ஏறியதும் இவர் கேட்டார், "என்ன அம்மணி சொன்னான்?"

"நாளைக்கு வரைக்கும் பிளேன்ல போகக்கூடாதாம்ணே."

இவர் சிரித்தார். "நம்ம வண்டிக்கு ரெக்கையா இருக்குது?"

நாங்கள் நாலு பேரும் சிரித்தோம்.

இதை யாரிடம் சொன்னாலும் முட்டாள்கள் என்பார்கள். விமானம் உயரத்தில் போகிறது, மலையும் உயரம்தானே என்று கேட்பார்கள். சாந்தன்பாறையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றாது. நாங்கள் துணி துவைக்கிற இடம், பன்றி வளர்க்கிற இடம், பஸ்ஸுக்கு நிற்கிற இடம் அது. வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் நினைத்தேனே தவிர, வானத்துக்குப் போகிறேன் என்று நினைக்கவில்லை.

எட்டரைக்குக் கிளம்பினோம். குமுளி ஏற்றத்தில் அந்தப் பெண் காது அடைக்கிறது என்றாள். "எச்சி முழுங்குங்க கண்ணு" என்றார் இவர். நெடுங்கண்டம் தாண்டியபோது தோள் வலிக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். அவ்வளவு கனமான சிலிண்டரைத் தூக்கினால் வலிக்காமல் என்ன செய்யும், உப்புத் தண்ணீர் பட்டால் அரிக்காமல் என்ன செய்யும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொன்னேன். நீலகிரித் தைலம் எடுத்து அவள் தோளில் நானே தேய்த்துவிட்டேன். "உங்க கை நல்லா இருக்குக்கா" என்றாள்.

சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார். கொழுக்குமலைக்கு விடியலுக்கு ஜீப் போகிறது. சூரியநெல்லியில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கும்.

"நான் வரலைண்ணா, ஒடம்பு அசதியா இருக்கு. கால்ல ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

அவள் அப்பாவும், "புள்ள படுக்கட்டுமுங்க. ஆடு பாக்கப் போறோமல்ல, அது போதும்" என்றார்.

"ஏனுங், இவ்வளவு தூரம் வந்துட்டு அதப் பாக்காமப் போனா எப்படிங்? மறுக்கா எப்ப வருவீங்க? பெங்களூரு போயிட்டா லீவு கெடைக்குமா?" என்றார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு ஏக்கம். அந்தப் பெண்ணுக்கு இரக்கமாகிவிட்டது. "சரிண்ணா, வரேன்" என்றாள். நான் அங்கேயே நின்றேன், ரசம் ஊற்றிக்கொண்டு. அவர் இழுத்ததற்கெல்லாம் எதிர்த்துப் பேசுகிறவள் அன்றைக்குப் பேசவில்லை.

ஜீப் அந்தக் கல்ரோட்டில் எப்படிக் குலுங்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். மேலே போய் நின்றபோது கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் வெளுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றோம். இவர் வழக்கம்போல் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இவர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"அம்மணி, புள்ள சிரிக்குது. ஆனா மூஞ்சி செரியில்ல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவள் காலைப் பார்த்தேன். ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. ஜில்லென்ற கூர்ங்கல்லில் வெறுங்காலோடு நிற்கிறாள். செருப்பு போனதே அவளுக்குத் தெரியவில்லை.

"கண்ணு, செருப்பப் போடும்மா" என்றேன். குனிந்து பார்த்தாள். காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். சூரியன் அப்போதுதான் மேலே வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஏலக்காய் மூட்டை சுமந்த முதுகு எனக்கு. அவளை முதுகில் போட்டுக்கொண்டு ஜீப் வரைக்கும் ஓடினேன். அப்போதும் எங்கள் புத்தி என்ன சொன்னது? ஜீப் குலுக்கலில் நரம்பு பிசகிவிட்டது என்றது. வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்து, மறுபடியும் தைலம், மறுபடியும் வெந்நீர் ஒத்தடம். மத்தியானம் வரைக்கும் மலை மேலேயே வைத்திருந்தோம். வயிறு உப்பிக்கொண்டு, ஒன்றுக்கும் வரவில்லை என்று அவள் அழுதபோதுதான் பயந்துபோய் அடிமாலிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளவயது டாக்டர், நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். கடலில் என்று அவள் அப்பா சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப மேல ஏறினீங்க?" என்று கேட்டார்.

முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்து, ஆம்புலன்ஸில் கொச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய இரும்புக் குழாய் மாதிரி ஓர் அறை. உள்ளே படுக்க வைத்து, கடலுக்கு அடியில் இருக்கிற அழுத்தத்தை மறுபடியும் கொடுப்பார்களாம். ஆழத்தில் இழுத்த காற்று ரத்தத்தில் கரைந்திருக்குமாம். தரையிலேயே ஒரு நாள் இருந்தால் மெல்ல மெல்ல வெளியே போய்விடுமாம். சட்டென்று மலை ஏறினால் சிலருக்கு அது குமிழி குமிழியாகப் பொங்கி முதுகுத்தண்டில் போய் அடைக்குமாம். எல்லாருக்கும் வராது, இவளுக்கு வந்தது. நாலு நாள் வைத்துப் பார்த்தார்கள். தோள் வலித்த அன்றைக்குச் சாயங்காலமே கீழே இறக்கியிருந்தால் நடந்திருப்பாள் என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கொச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என் கைப்பையில் அந்தத் தாள் அகப்பட்டது. அவள் கையெழுத்துப் போட்டதை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், நகல் ஒன்று என்னிடம் தந்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தை அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, பக்கத்தில் போன ஒரு நர்ஸிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். ஏழாவது வரி. கடலில் இறங்கிய ஒரு நாளைக்குள் விமானத்தில் ஏறக் கூடாது, மலைப்பகுதிக்கும் போகக் கூடாது.

அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன்.

"எந்த வரி?" என்று கேட்டார்.

விரலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நேராக அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போனார்.

"ஐயா, மலைக்குப் போகப்படாதுன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்க. அந்தப் பேப்பர என்றகிட்டத்தான் குடுத்தாங்க. நான்தான் அதப் பாக்காம வெச்சுட்டேனுங்க."

அந்த அப்பா அறைந்தார். இரண்டு தடவை. இவர் நகரவில்லை. நான் பத்தடி தள்ளித் தூணோரம் நின்றேன். அங்கிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயை யாரும் தைத்து வைக்கவில்லை. அந்த அப்பா கோவளத்தில் நான் தாளைப் படிப்பதைக் கண்ணால் பார்த்தவர்தான். ஆனால் அந்த நிலையில் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை, முன்னால் வந்து ஒப்புக்கொண்ட ஆள் ஒருத்தர் இருந்ததால். நான் படித்தது போக அவரிடம் தனியாக வேறொரு தாள் கொடுத்திருக்கிறார்கள் என்றே மகளும் நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் வேனைத் தொடவில்லை. அது அவர் வீட்டுக்குப் பின்னால் நின்று, பூசணிக் கொடி ஏறி, டயர் இறங்கிக் கிடந்தது. அவர் இளநீர் லோடு ஓட்டப் போனார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "பாவம், அவ என்ன செய்வா" என்று பூப்பாறையில் பேசிக்கொண்டார்கள். என் மூன்று அறைகளுக்கும் ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. நன்றாகவே இருந்தேன்.

ஒரு தடவை பஸ் ஏறி கோபாலபுரத்துக்குப் போனேன். அவர் ஈரோட்டுக்குப் போய் அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வருகிறார் என்று அவர் வீட்டம்மா சொன்னார். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு துணியைப் பிழிந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று அந்தம்மா முன்பே சொல்லியிருந்தார். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே செய்தார்.

"அண்ணே, நான் போயி சொல்லிருதேன். என்னால முடியல" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ?"

"நான்தான் படிக்காம விட்டேன்னு."

"சொன்னா அந்தப் புள்ள எந்திரிச்சு நடக்குமா அம்மணி?"

நான் டீ டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"நடக்காதல்லோ. அப்பறம் எதுக்கு? காத்தால கடலுக்குள்ள போகச் சொன்னது நானு. மேல ஏத்துனது நானு. வேண்டாம்னு சொன்ன புள்ளய விடியக்காலம் எழுப்பிக் கூட்டிட்டுப் போனது நானு. நீ ஒரு வரிய உட்டுட்ட, அவ்வளவுதான். வையறதுக்கு அவுங்களுக்கு ஒரு ஆளு போதும். உன்ற ஊட்ல ரெண்டு கொழந்தைக இருக்குது. நீ போ."

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளதைச் சொல்கிறேன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவ்வளவு நிம்மதி. டீயைக் குடித்து முடித்தேன். மலையேறும்போது பஸ்ஸில் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காக என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

போன வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கவனிக்காமல் விட்டார். தெரிந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சட்டைப் பையில் ஏதாவது இருந்ததா என்று அவர் வீட்டம்மாவிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. புது நம்பர். "அக்கா, நான்தான்" என்றாள். ஒரு சொல்லில் குரல் தெரிந்துவிட்டது. அப்பா இறந்துவிட்டாராம். சித்தி வீட்டில் இருக்கிறாளாம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்கிறாளாம். டிரைவர் அண்ணன் இறந்தது யார் மூலமாகவோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்பா கடைசி வரைக்கும் அவர வைஞ்சுட்டேதான் இருந்தாரு. நானும் ரொம்ப நாளு வைஞ்சேன்க்கா. நான் முடியலன்னு சொன்னேன், அவருக்கு ஒரு பேப்பர் படிக்கக்கூட நேரமில்லையான்னு. இப்ப எனக்கு அந்தக் கோவமெல்லாம் இல்லக்கா. அத அவர்கிட்ட ஒரு தடவ சொல்லீரணும்னு இருந்தேன். சொல்றதுக்குள்ள போயிட்டாரு."

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் ஏலக்காய் காய்ந்துகொண்டிருந்தது. சொல்லலாம். மூன்று வார்த்தை. தடுக்கிற அவரும் இல்லை, அவள் அப்பாவும் இல்லை. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

"நல்லதும்மா. இருக்கையிலே கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அக்கா, உங்களுக்குத்தான் நான் நன்றியே சொல்லல. அன்னைக்கு அந்த மலையில என்ன முதுகுல தூக்கிட்டு ஓடுனீங்களே. உங்கள நெனைக்காத நாளே இல்லக்கா."

அதையும் வாங்கிக்கொண்டேன்.